டெண்டரில் எழுதாத சாதி

(மயிலாப்பூரில் இளைஞர்கள் நடத்தும் வாசிப்பு வட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



அழைப்பிதழில் என் பேச்சுக்கு 'வளரும் ஆசிய நாடுகளின் பொது உள்கட்டமைப்பில் தனியார் பங்கேற்பு' என்று தலைப்பு போட்டிருக்கிறார்கள். அதைப் படித்த பிறகும் இத்தனை பேர் வந்திருப்பதற்கு முதலில் நன்றி. இந்தத் தலைப்பைக் கேட்டால் துறைமுகம், விமான நிலையம், ஆறுவழிச் சாலை என்றுதான் மனதில் படம் ஓடும். நான் பேசப்போவது இந்த மண்டபத்துக்கு வெளியே மாட வீதி முனையில் நிற்கிற குப்பைத் தொட்டியைப் பற்றி. தமிழ்நாட்டில் தனியார் பங்கேற்பின் சாதிக் கணக்கைப் பார்க்க அதைவிடத் தெளிவான இடம் எனக்குத் தெரியவில்லை. அந்தக் கணக்கு தொடங்கியதும் இதே மயிலாப்பூரில்தான்.

பொது-தனியார் பங்கேற்பு என்பதற்கு நம் பாடப்புத்தகங்கள் தரும் விளக்கம் எளிமையானது. அரசிடம் பணம் இல்லை, தனியாரிடம் இருக்கிறது. அவர்கள் முதலீடு போடுவார்கள், நட்டம் வந்தால் தாங்குவார்கள், மக்களுக்கு நல்ல சேவை கிடைக்கும். 1990-களிலிருந்து உலக வங்கியும் ஆசிய வளர்ச்சி வங்கியும் மணிலா முதல் ஜகார்த்தா வரை இதைத்தான் சொல்லிக்கொண்டு போயின. மணிலாவில் 1997-இல் குடிநீர் விநியோகத்தை நகரத்தை இரண்டாகப் பிரித்து இரண்டு நிறுவனங்களுக்குக் கொடுத்தார்கள். அதே ஆண்டு ஆசிய நிதி நெருக்கடி வந்தது, பெசோவின் மதிப்பு சரிந்தது. மேற்குப் பகுதியை எடுத்த மேனிலாட் நிறுவனம் அரசுக்குத் தர வேண்டிய கட்டணத்தையே நிறுத்தியது. கடைசியில் அரசு உள்ளே இறங்கித் தாங்க வேண்டியிருந்தது. பிறகு மறுபடியும் வேறு தனியாருக்கு விற்றார்கள். நட்டத்தைத் தனியார் தாங்குவார் என்ற பாடம் அங்கே நடந்த விதம் இது.

நம் ஊரில் மீஞ்சூர் கடல்நீர்க் குடிநீர் ஆலையை எடுத்துக்கொள்ளுங்கள். 2010-இல் திறந்தது, நாளுக்கு 10 கோடி லிட்டர். தனியார் கட்டி நடத்துவார், குடிநீர் வாரியம் தண்ணீரை விலைக்கு வாங்கும். அந்த விலையைப் பற்றி எனக்கு நிறையச் சண்டை உண்டு. ஆனாலும் அங்கே ஓர் ஆலை என்று ஏதோ ஒன்று கண்ணுக்குத் தெரிகிறது. குப்பை ஒப்பந்தத்தில் அப்படி என்ன இருக்கிறது? சில லாரிகள், பேட்டரி வண்டிகள், தொட்டிகள். மிச்சமெல்லாம் மனிதக் கைகள். செலவில் பெரும் பங்கு கூலிதான். டீசல் விலையை நிறுவனத்தால் குறைக்க முடியாது. லாரி விலையையும் குறைக்க முடியாது. குறைந்த விலைக்கு டெண்டர் எடுத்துவிட்டு லாபமும் பார்க்க வேண்டுமென்றால் கையை வைக்க ஒரே இடம்தான் மிஞ்சுகிறது.

இப்போது வரலாற்றுக்கு வருவோம். 2000-ஆம் ஆண்டு சென்னை மாநகராட்சியில் 10 மண்டலங்கள் இருந்தன. அவற்றில் மூன்றில் குப்பை அள்ளும் வேலை ஓனிக்ஸ் என்ற நிறுவனத்துக்கு ஏழாண்டு ஒப்பந்தமாகத் தரப்பட்டது. எந்த மூன்று? ஐஸ் ஹவுஸ், கோடம்பாக்கம், மயிலாப்பூர். அதாவது மயிலாப்பூர், தி.நகர், அடையாறு எல்லாம் அடங்கிய பகுதி. ஓனிக்ஸ் பிரான்சின் விவெண்டி குழுமத்தைச் சேர்ந்தது. பின்னாளில் வெயோலியா என்று பெயர் மாறியதே, அந்தக் குழுமத்தின் சுற்றுச்சூழல் பிரிவு. அப்போது சென்னை மேயர் மு.க. ஸ்டாலின். நம்மில் பலருக்கு அப்போது பள்ளிக்கூட வயது. ஆனாலும் அந்தப் பெயர் தெரியாமல் இருக்காது. கம்பெனி போன பிறகும் பல வருடம் குப்பை வண்டிக்கே 'ஓனிக்ஸ் வண்டி' என்றுதான் தெருவில் பெயர். அள்ளுகிறவர்களுக்கு 'ஓனிக்ஸ்காரங்க'. தோட்டி என்றார்கள், துப்புரவுத் தொழிலாளி என்றார்கள், இப்போது தூய்மைப் பணியாளர் என்கிறார்கள். இடையில் கொஞ்ச காலம் ஒரு பிரெஞ்சுக் கம்பெனியின் பெயரால் அழைத்தோம். ஆளின் பெயரைக் கேட்டவர்கள் குறைவு.

ஏன் தென்சென்னை முதலில்? இதைக் கேட்டால் அதிகாரிகள் குப்பையின் அளவு, சாலை வசதி என்று காரணம் சொல்வார்கள். எனக்கு வேறொன்று தோன்றுகிறது. இந்தப் பகுதியின் நடுத்தர வர்க்கம், அதிலும் ஆதிக்கசாதி நடுத்தர வர்க்கம், ஓனிக்ஸ் வருவதற்குப் பத்து வருடம் முன்பே மனதளவில் தனியார்மயத்துக்குத் தயாராக இருந்தது. 1989-இல் எம்.பி. நிர்மல் தொடங்கிய எக்ஸ்னோரா இயக்கம் அடையாறு இந்திரா நகர் போன்ற இடங்களில் பரவியது. ஒரு தெருவில் உள்ள வீடுகள் சேர்ந்து மாதா மாதம் சந்தா போட்டு, ஒருவரை வைத்து, மூன்று சக்கர வண்டியில் வீடு வீடாகக் குப்பை எடுக்கச் செய்வார்கள். அந்த ஆளுக்கு 'ஸ்ட்ரீட் பியூட்டிஃபையர்', தெருவை அழகுபடுத்துபவர் என்று பெயர். அந்த முயற்சியில் நல்ல நோக்கம் இருந்தது, தெருக்களும் சுத்தமாயின, மறுக்கவில்லை. ஆனால் கவனியுங்கள்: நகராட்சியின் கடமை தெருக்காரர்களின் சந்தாவாக மாறியது, தொழிலாளியின் உரிமை தெருக்காரர்களின் தயவாக மாறியது. சந்தா கட்டுபவர் முதலாளி, பி.எஃப். கிடையாது, விடுப்பு கிடையாது, தீபாவளிக்கு ஒரு புடவை உண்டு. ஓனிக்ஸ் வந்தபோது இந்தத் தெருக்களில் யாருக்கும் அதிர்ச்சி ஏற்படாததற்கு இது ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

ஓனிக்ஸ் காலத்தில் தெரு நன்றாக இருந்தது என்று இன்றும் மயிலாப்பூர் பெரியவர்கள் சொல்வார்கள். இருக்கலாம். அறுபத்து மூவர் விழா முடிந்த மறுநாள் காலை மாட வீதியைப் பார்த்திருப்பீர்கள். அந்தத் தொன்னையும் பிளாஸ்டிக் தம்ளரும் விடிவதற்குள் காணாமல் போனால் பார்க்கிற கண்ணுக்கு அது நிறுவனத்தின் திறமை. ஆனால் பணம் எதற்குத் தரப்பட்டது? எடைக்கு. எடை மேடையில் ஏறும் ஒவ்வொரு டன்னுக்கும் இவ்வளவு என்று கணக்கு. எடைக்குக் காசு என்றால் கட்டட இடிபாடு வாழைப்பழத் தோலைவிட லாபம். வீட்டிலேயே குப்பையைப் பிரிப்பவர் கம்பெனிக்கு எதிரி. பேப்பரும் பாட்டிலும் பொறுக்கிப் பிழைப்பவர் கம்பெனியின் எடையைத் திருடுகிறவர். சுற்றுச்சூழலுக்கு எதிரான ஏற்பாடு ஒன்றுக்கு நவீன நிர்வாகம் என்று பெயர் வைத்திருந்தோம். எடை போட்டதெல்லாம் பெருங்குடிக்குப் போய்ப் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் மேல் மலையாக உட்கார்ந்தது.

2007-இல் ஒப்பந்தம் முடிந்தது. நீல் மெட்டல் பனால்கா வந்தது. இந்திய நிறுவனமும் கொலம்பிய நிறுவனமும் சேர்ந்த கூட்டு. நான்கு மண்டலங்கள். தெருவெல்லாம் குப்பை தேங்கிப் புகார்கள் குவிந்து, ஒப்பந்தக் காலம் முடிவதற்கு முன்பே 2011-இல் மாநகராட்சி அதை முடித்துக்கொண்டது. அந்த அனுபவத்திலிருந்து பாடம் படித்து மாநகராட்சி தானே நடத்தியிருக்க வேண்டும் அல்லவா? 2012-இல் தேனாம்பேட்டை, கோடம்பாக்கம், அடையாறு மண்டலங்கள் ராம்கிக்குப் போயின. 2020 அக்டோபரில் தேனாம்பேட்டையிலிருந்து சோழிங்கநல்லூர் வரை ஏழு மண்டலங்கள் எட்டாண்டு ஒப்பந்தத்தில் உர்பேசர்-சுமீத் கூட்டுக்குப் போயின. உர்பேசர் ஸ்பெயின் நிறுவனம். அப்போது அதன் உரிமையாளர் ஒரு சீன நிறுவனம். 2021-இல் ஓர் அமெரிக்கத் தனியார் முதலீட்டு நிதியம் அதை வாங்கியது. மந்தைவெளியில் ஒரு அம்மா துடைப்பத்தோடு குனிகிறார். அவருக்கு மேலே எத்தனை கண்டங்கள்!

இம்முறை எடைக்குக் காசு என்பதைக் கைவிட்டு, செயல்திறன் அளவுகோல்களின்படி பணம் என்று மாற்றினார்கள். எடைக் கணக்கைவிட இது மேல், ஒத்துக்கொள்ள வேண்டும். ஆனால் அளவுகோல் தெருவை அளக்கிறது, தொட்டியை அளக்கிறது, வண்டி வந்த நேரத்தை அளக்கிறது. பெருக்குகிறவர் எந்த ஊரிலிருந்து எத்தனை மணிக்குக் கிளம்பி வந்தார் என்பதை அளப்பதில்லை. கண்ணகி நகரும் பெரும்பாக்கமும் இங்கிருந்து பதினைந்து கிலோமீட்டருக்கு மேல். கூவம், அடையாறு, பக்கிங்காம் கால்வாய்க் கரைகளில் இருந்த குடிசைகளைப் பிடுங்கி அங்கே கொண்டுபோய்க் கொட்டினார்கள். அங்கிருந்துதான் விடியற்காலை முதல் பேருந்தைப் பிடித்துப் பலர் தாங்கள் முன்பு வாழ்ந்த தெருவைப் பெருக்க வருகிறார்கள். நகரம் அவர்களின் உழைப்பை வைத்துக்கொண்டு ஆளை மட்டும் வெளியே அனுப்பியிருக்கிறது. சேரிக்கும் ஊருக்கும் இடையிலான பழைய தூரத்தை இன்று கிலோமீட்டரில் அளக்கலாம்.

கள ஆய்வில் தென்சென்னையில் ஒரு அம்மாவைச் சந்தித்தேன். ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் மூன்று அடையாள அட்டைகள் வைத்திருந்தார். மூன்று கம்பெனி, மூன்று சீருடை, மூன்று நிறம். தெரு ஒன்றே. "கம்பெனி மாறிக்கினே இருக்கு கண்ணு, தெரு மாறல, நான் மாறல" என்றார். சட்டத்தின் கண்ணில் ஒவ்வொரு கம்பெனியும் புது முதலாளி. பணிக்காலம் ஒவ்வொரு முறையும் முதல் நாளிலிருந்து தொடங்குகிறது. ஒரே தெருவை வாழ்நாள் முழுக்கப் பெருக்கிய ஒருவர் தாளில் எப்போதும் புது ஆள்தான்.

இனி 2025-க்கு வருவோம். பெரும்பாலான மண்டலங்கள் ஏற்கெனவே தனியாரிடம் போயிருந்தன. மிச்சமிருந்தவற்றில் ராயபுரம், திரு.வி.க. நகர் இரண்டையும் டெல்லி எம்.எஸ்.டபிள்யூ. சொல்யூஷன்ஸுக்குக் கொடுத்தார்கள். இதுவும் முன்பு சொன்ன ராம்கி குழுமத்தின் வழிவந்த நிறுவனம்தான். அங்கே வேலை செய்தவர்கள் தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தின் கீழ் பத்து, பதினைந்து ஆண்டுகளாக மாநகராட்சி வேலையைப் பார்த்தவர்கள். வேடிக்கை என்னவென்றால் தாளில் அவர்கள் தொழிலாளர்கள் அல்லர், சுய உதவிக் குழு உறுப்பினர்கள். வறுமை ஒழிப்புத் திட்டத்தின் பெயரில் ஒருவரை வைத்து நகராட்சி வேலை வாங்கலாம், வேலை உரிமை கேட்டால் நீ பயனாளிதானே என்று சொல்லலாம். தனியாருக்கு மாறினால் மாதம் ஏறத்தாழ 23 ஆயிரமாக இருந்த கூலி 17 ஆயிரம் அளவுக்கு இறங்கும் என்பதுதான் அவர்களை ரிப்பன் மாளிகை நடைபாதைக்குக் கொண்டுவந்தது. ஆகஸ்ட் 1 முதல் 13 வரை. பெரும்பாலோர் பெண்கள், பெரும்பாலோர் தலித்துகள். 2021 தேர்தல் அறிக்கையை நினைவூட்டி முழக்கமிட்டார்கள். 13-ஆம் தேதி நள்ளிரவில் உயர்நீதிமன்ற உத்தரவைக் காட்டிக் காவல்துறை அவர்களைத் தூக்கிப் பேருந்துகளில் ஏற்றியது. துணைக்கு நின்ற வழக்கறிஞர்களும் மாணவர்களும் தப்பவில்லை. மறுநாள் அமைச்சரவை கூடித் தூய்மைப் பணியாளர்களுக்குக் காலை உணவு உள்பட ஆறு திட்டங்களை அறிவித்தது. 2000-இல் மேயராக இருந்தவர் 2025-இல் முதலமைச்சர். இதை ஒரு கட்சியின் மீதான குற்றச்சாட்டாக மட்டும் சுருக்க வேண்டாம். 2012-இலும் 2020-இலும் ஆட்சியில் இருந்தது அ.தி.மு.க. கொரோனா காலத்தில் முன்களப் பணியாளர் என்று மாலை போட்டுப் பாதபூசை செய்த அதே 2020-இல்தான் ஏழு மண்டலங்கள் கைமாறின. குப்பை விசயத்தில் திராவிடக் கட்சிகள் இரண்டுக்கும் கருத்து வேறுபாடு இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

அந்தப் போராட்டத்தின்போது நம் இயக்கங்களுக்குள்ளேயே ஒரு விவாதம் எழுந்தது. நான் இன்று உங்களிடம் பேச விரும்பியது உண்மையில் இதைத்தான். விடுதலைச் சிறுத்தைகள் தலைவர் தொல். திருமாவளவன் பணி நிரந்தரக் கோரிக்கையைப் பற்றி ஒரு கேள்வி எழுப்பினார். குப்பை அள்ளுபவரை அந்த வேலையிலேயே நிரந்தரமாக்குவது, அவர்களே அதைச் செய்துகொண்டிருக்க வேண்டும் என்பதை உறுதிப்படுத்துவதாகாதா? அந்தத் தொழிலிலிருந்து மீட்பதல்லவா சமூக நீதி? சமூக ஊடகங்களில் பலர் இதை ஆளுங்கட்சிக் கூட்டணிக்காகச் சொன்ன சமாளிப்பு என்று கடந்து போனார்கள். நான் அப்படிக் கடந்து போக மாட்டேன். குலத்தொழிலை எதிர்த்த இயக்கத்தின் பிள்ளைகள் நாம். இந்தக் கேள்விக்கு நேருக்கு நேர் பதில் சொல்லியாக வேண்டும்.

என் குடும்பத்திலிருந்தே சொல்கிறேன். என் அம்மாவின் அப்பா ஒரு நகராட்சியில் நிரந்தரத் துப்புரவுத் தொழிலாளி. ஊர்ப் பெயர் வேண்டாம். பணியில் இருக்கும்போதே இறந்துபோனார். என் பாட்டிக்குக் குடும்ப ஓய்வூதியம் வந்தது. அந்தப் பணத்தில்தான் அம்மா ஆசிரியர் பயிற்சி முடித்தார், அதனால்தான் நான் இன்று முனைவர் பட்ட ஆய்வு என்று சொல்லிக்கொண்டு உங்கள் முன் நிற்கிறேன். இது கதையின் ஒரு பாதி. மாமாவுக்குக் கருணை அடிப்படையில் வேலை கிடைத்தது. அவர் பத்தாம் வகுப்பு தேறியவர். அலுவலக உதவியாளர் வேலைக்கு அந்தப் படிப்பு போதும். கொடுத்தது துடைப்பம். தாத்தா விட்ட தெருவில் மாமா தொடர்ந்தார். ஒரே நிரந்தர வேலை, ஒரு பிள்ளைக்குக் கதவைத் திறந்தது, இன்னொரு பிள்ளையைத் தொழிலோடு கட்டிப்போட்டது. திருமாவளவனின் அச்சத்துக்கு என் மாமாவே சாட்சி.

ஆனால் ஓய்வூதியம் இல்லாமல் ஒப்பந்தக் கூலி மட்டும் இருந்திருந்தால் அம்மாவும் அந்தத் தெருவுக்கே வந்திருப்பார். மாமாவைக் கட்டிப்போட்டது நிரந்தரம் அன்று. இந்தச் சாதிக்காரனுக்கு இந்த வேலை என்று முடிவெடுத்த அலுவலக மேசை. அந்த மேசையோடு சண்டை போட வேண்டும். அதற்காக ஓய்வூதியத்தை விட்டுக்கொடுக்க முடியாது.

இன்னொரு சான்று. 2019 நவம்பரில் கோவை மாநகராட்சி 549 நிரந்தரத் துப்புரவுப் பணியிடங்களுக்கு விண்ணப்பம் கேட்டது. வந்து நின்றவர்களில் பொறியாளர்கள், பட்டதாரிகள், பட்டயம் முடித்தவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். நாளேடுகள் இதை வேலையில்லாத் திண்டாட்டத்தின் அவலம் என்று எழுதின. சரிதான். எனக்கு அதில் வேறொரு செய்தி தெரிந்தது. நிரந்தரச் சம்பளம், அரசு வேலை என்று வந்துவிட்டால் காலங்காலமாக ஒரே சமூகத்தின் தலையில் கட்டிய வேலைக்கு மற்ற சாதிகளும் வரிசையில் நிற்கின்றன! தீட்டு என்றது எங்கே போயிற்று? நம் ஊரில் ஒரு வேலையின் தீட்டு அதன் சம்பளத்தோடு சேர்ந்தே குறைகிறது. அதே வேலையை மாதம் பதினைந்து, பதினேழாயிரத்துக்கு, எப்போது வேண்டுமானாலும் நீக்கலாம் என்ற ஒப்பந்தத்தில் போட்டுப் பாருங்கள். வரிசை காலியாகிவிடும். ஆதி திராவிடரும் அருந்ததியரும் தெலுங்கு பேசும் ஆதி ஆந்திரர்களும் மட்டும் மிஞ்சுவார்கள். அப்படியானால் குலத்தொழிலைக் காப்பாற்றுவது எது, நிரந்தரமா, ஒப்பந்தமா?

இதற்கு மறுபக்கம் ஒன்றும் உண்டு. துப்புரவுப் பணியில் சேரும் மற்ற சாதியினர் சில மாதங்களில் அலுவலகத்துக்குள் 'மாற்றுப்பணி' வாங்கிக்கொண்டு போவதும், தெருவில் மறுபடி தலித்துகளே நிற்பதும் இந்தியா முழுக்க நடக்கிற கதை. அதனால்தான் நிரந்தரம் என்ற ஒற்றைச் சொல்லோடு நம் கோரிக்கை நிற்கக் கூடாது. இத்தனை ஆண்டு தெருவில் வேலை செய்தவருக்கு ஓட்டுநராக, மேற்பார்வையாளராக, அலுவலகப் பணியாளராகப் பதவி உயர்வு கட்டாயம் என்று விதி வேண்டும். கருணை அடிப்படையில் துடைப்பம் கொடுப்பதைத் தடை செய்ய வேண்டும், படிப்புக்கேற்ற வேலைதான் தர வேண்டும். கையால் தொடும் வேலையை இயந்திரம் செய்ய வேண்டும், அந்த இயந்திரத்தை ஓட்டும் வேலை அவருக்கே கிடைக்க வேண்டும். இவை ஒவ்வொன்றையும் மாநகராட்சியிடம் கேட்கலாம், சட்டமன்றத்தில் கேட்கலாம், நீதிமன்றத்தில் கேட்கலாம். ஒப்பந்த நிறுவனத்திடம் எதைக் கேட்பது? 69 விழுக்காடு இட ஒதுக்கீடு மாநகராட்சி வேலைக்கு உண்டு, ஒப்பந்ததாரரின் வேலைக்குக் கிடையாது. அங்கே மேற்பார்வையாளராக, மேலாளராக யார் உட்கார்ந்தாலும் சட்டம் கேட்காது. கீழே துடைப்பத்தில் மட்டும், எழுதப்படாத நூறு விழுக்காடு.

டெண்டரில் ஒரு நிறுவனம் குறைந்த விலை கேட்கிறதே, அந்தக் குறைவு எங்கிருந்து வருகிறது என்று பொருளாதாரப் பேராசிரியர்களைக் கேட்டால் செயல்திறன் என்பார்கள். நான் அதற்குச் சாதித் தள்ளுபடி என்று பெயர் வைத்திருக்கிறேன். வேறு வேலைக்குப் போகும் வழியை இந்தச் சமூகம் யாருக்கெல்லாம் அடைத்து வைத்திருக்கிறதோ அவர்களின் உழைப்பு சந்தையில் மலிவாகக் கிடைக்கிறது. வழியை அடைத்தது சாதி. அதன் பலனைப் பெறுவது நிறுவனமும், குப்பைக்குக் குறைந்த செலவு காட்டும் அரசும், சொத்து வரி ஏறாமல் பார்த்துக்கொள்ளும் நாமும். போட் கிளப் சாலையில் வீடு வைத்திருப்பவரின் குப்பைக்குக் கண்ணகி நகரில் இருப்பவர் மானியம் கொடுக்கிறார். உள்கட்டமைப்பு நூல்களில் இந்த மானியத்துக்கு ஒரு பத்தி கூட நான் பார்த்ததில்லை.

இப்போது சட்டத்தைப் பற்றிக் கொஞ்சம். தூக்கம் வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், இதுதான் நமக்கு உடனடி ஆபத்து. 1970-இன் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்தில், ஆண்டு முழுக்கத் தொடரும் வேலைகளில் ஒப்பந்த முறையை அரசு தடை செய்ய வழி இருந்தது. அப்படித் தடை செய்தால் தொழிலாளி தானாகவே நிரந்தரமாவார் என்று 1996-இல் ஏர் இந்தியா வழக்கில் உச்சநீதிமன்றம் சொன்னது. 2001-இல் ஸ்டீல் அத்தாரிட்டி வழக்கில் அதே நீதிமன்றம் அதை மாற்றிவிட்டது. இப்போது 2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் சட்டத்தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துவிட்டன. அவற்றில் தொழில்சார் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு, ஒரு நிறுவனத்தின் 'முதன்மைப் பணி'யில் ஒப்பந்தத் தொழிலாளர் கூடாது என்கிறது. கேட்க நன்றாக இருக்கிறது. எவையெல்லாம் முதன்மைப் பணி ஆகாது என்று கூடவே ஒரு பட்டியல் கொடுக்கிறது. பட்டியலில் முதல் பெயரே துப்புரவு: பெருக்குவது, துடைப்பது, எல்லா வகைக் கழிவையும் சேகரித்து அகற்றுவது. அதன் பின் காவல், உணவகம், சுமை ஏற்றி இறக்குவது, தோட்டப் பராமரிப்பு, சலவை என்று போகிறது. இந்தப் பட்டியலை ஒருமுறை நிதானமாகப் படித்துப் பாருங்கள். தோட்டி, காவல்காரன், சுமைகாரன், வண்ணான். கிராமத்தில் யார் யாருக்குக் களத்து மேட்டில் நெல் அளந்து போட்டார்களோ அவர்களையெல்லாம் 2020-இல் நாடாளுமன்றம் வரிசையாகக் கூப்பிட்டு, நீங்கள் முதன்மை இல்லை என்று சொல்லியிருக்கிறது. எழுதியவர்கள் சாதியை நினைத்து எழுதினார்கள் என்று நான் சொல்லவில்லை. நினைக்காமலே அப்படி வந்து விழுகிறது என்பதுதான் எனக்குக் கவலை.

நமக்கு அதில் ஒரு பிடி இருக்கிறது. ஒரு நிறுவனம் அந்த வேலைக்காகவே அமைக்கப்பட்டிருந்தால் இந்த விலக்கு பொருந்தாது. மாநகராட்சி என்பது எதற்காக இருக்கிறது? தெரு, சாக்கடை, விளக்கு, குப்பை. குப்பை அள்ளுவது வங்கிக்கும் ஐ.டி. கம்பெனிக்கும் பக்க வேலையாக இருக்கலாம், மாநகராட்சிக்கு அதுவே வேலை. இதை நீதிமன்றத்தில் வாதாட முடியும், வாதாட வேண்டும். ஆனால் அதே சட்டத்தில் இன்னொரு ஓட்டையும் வைத்திருக்கிறார்கள். முதன்மைப் பணியாகவே இருந்தாலும், அது வழக்கமாக ஒப்பந்ததாரர் மூலம்தான் நடந்துவருகிறது என்றால் தொடரலாம். 2000-இல் ஐஸ் ஹவுஸில், கோடம்பாக்கத்தில், மயிலாப்பூரில் மூன்றே மூன்று மண்டலங்களில் சோதனை போலத் தொடங்கினார்களே, கால் நூற்றாண்டு கழித்து அதுவே 'வழக்கம்' என்று நீதிமன்றத்தில் எடுத்து நீட்டப்படும்.

ஓனிக்ஸின் தாய்க் குழுமமான வெயோலியாவின் சொந்த ஊரில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். பாரிஸ் நகரக் குடிநீர் விநியோகம் கால் நூற்றாண்டு வெயோலியா, சூயஸ் இரண்டின் கையில் இருந்தது. 2010-இல் பாரிஸ் மாநகராட்சி அதைத் திரும்ப எடுத்துக்கொண்டது. தீ வைக்கவில்லை, புரட்சி நடக்கவில்லை. ஒப்பந்தம் முடியும் தேதியைப் பார்த்துக்கொண்டே இருந்து, முடிந்ததும் புதுப்பிக்கவில்லை. அவ்வளவுதான். நம்மில் எத்தனை பேருக்கு நம் தெருவின் ஒப்பந்தம் முடியும் தேதி தெரியும்?

தேனாம்பேட்டை, கோடம்பாக்கம், அடையாறு உள்பட ஏழு மண்டலங்களின் எட்டாண்டு ஒப்பந்தம் 2020 அக்டோபரில் தொடங்கியது. கணக்குப்படி 2028-இல் முடிகிறது. புதுப்பிப்பதா, வேறு கம்பெனிக்குக் கொடுப்பதா, மாநகராட்சியே எடுப்பதா என்ற கோப்பு அதற்கு ஒரு வருடம் முன்பே நகரத் தொடங்கும். மாமன்றத்தில் தீர்மானம் வரும்போது எதிர்த்து ஓட்டுப் போட நம் வார்டு உறுப்பினரை இப்போதே கேட்கலாம். தகவல் உரிமைச் சட்டத்தில் ஒப்பந்த நகல் கேட்டு மனுப் போடலாம், பத்து ரூபாய்தான் கட்டணம். உங்கள் தெருவில் பெருக்குகிற அக்காவிடம் சம்பளச் சீட்டு கொடுக்கிறார்களா என்று கேட்கலாம். கேட்பதற்கு முன்னால் அவர் பெயரைக் கேளுங்கள்.

நேரம் ஆகிவிட்டது, ஒருங்கிணைப்பாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார். மாமாவைப் பற்றியும் திருமாவளவனைப் பற்றியும் நான் சொன்னதில் உங்களில் பலருக்கு மாற்றுக்கருத்து இருக்கும் என்பது முகங்களைப் பார்த்தாலே தெரிகிறது. முதல் கேள்வி அங்கிருந்தே வரட்டும்.